முடிவு தெரியாதவன்

வெள்ளிக்கிழமை. தோஹா சனாயா, முப்பத்தெட்டாம் தெரு.
அஸர் தொழுதுவிட்டு வந்து
தொப்பியை ஆணியில் மாட்டும்போதே
ஆவுடையப்பன் லேப்டாப்பை
அரிசி மூட்டைமேல் நிமிர்த்தியிருந்தான்.
அம்மன் படம்.
"சிக்கந்தர் பாய், உமக்கு எடம் போட்டாச்சு."
கீழ்க்கட்டில், ஏசி காற்று நேராக விழும் மூலை.

வெறுங்காலோடு இருந்த பிச்சாண்டி
எழுந்துபோய்க் கால் கழுவிவிட்டு வந்தான்.
இஞ்ஞாசி வெங்காயத் தட்டோடு தரையில்.

கதை பிடிபட நேரமாகவில்லை.
மாமியார் கெட்டவள். நாத்தனார் அதைவிட.
பாலில் எதையோ கலக்கிறார்கள்.
பிள்ளை குடிக்கிறது.
நுரை தள்ளுகிறது.
"யா அல்லாஹ்" என்றேன், சத்தமாகவே.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன்,
இந்த அறையில் பயப்படுகிறவன்
நான் ஒருவன்தான்.
அவள் வருவாளென்று அவர்களுக்குத் தெரியும்.
எந்த வேப்பமரத்தின் பின்னாலிருந்து,
உடுக்கை எத்தனை முறை அதிர்ந்த பிறகு
என்பதுகூட.
ஆவுடையப்பன் பொரிகடலை மென்றுகொண்டிருந்தான்.
பிச்சாண்டி, கைகூப்ப வசதியாக,
விரலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.
எனக்கு யாரும் வாக்குத் தரவில்லை.
எனக்கு அது வெறும் பிள்ளை.
வெறும் பால்.

"வருவாளா?" என்றேன்.
இஞ்ஞாசி வாயைத் திறந்தான்.
அவன் தொடையில் ஒரு தட்டு:
"சொல்லாதடே. பாய் மொதத் தடவ பாக்காரு."

போன தவக்காலத்தில்
இஞ்ஞாசி போட்ட படத்தில் ஒரு புயல், ஒரு படகு.
இதே ஆவுடையப்பன்
கட்டில் கம்பியை இறுகப் பிடித்து
"கவுந்துருமாலே?" என்று மூன்று தரம் கேட்டான்.
கடல்புறத்துக்காரன்
நெத்திலி ஆய்ந்தபடி, பதில் சொல்லாமல்,
சும்மா இருந்தான்.

நெட் நின்றது.
திரைமேல் வட்டம் சுற்றுகிறது.
பிள்ளையின் கண் பாதி மூடியபடி.
ஓரத்தில் ஒரு கால். சலங்கை. அவ்வளவுதான்.
மணி ஐந்தரை. என் வண்டிக்கு நேரம்.

ஐயாயிரம் கேலன் நல்ல தண்ணீரோடு
அல்கோர் போகும் சாலை.
வழியில் ஓரங்கட்டி மஃரிப் தொழுதேன்.
என் ஈமான் இருந்த இடத்திலேயே இருக்கிறது,
எதுவும் அசங்கவில்லை.
கை ஏந்தினேன்.
மகளின் பரீட்சை, அத்தாவின் முழங்கால்,
மூன்று மாதச் சம்பள பாக்கி.
வரிசையின் கடைசியில்
எப்படியோ அந்தப் பிள்ளையும் வந்து நின்றது.
கேமரா நின்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு
பிஸ்கட் தின்னப் போயிருக்கும் பிள்ளை.
தெரியும்.
இருந்தும் கையை இறக்கவில்லை.

கேம்ப் வாசலில் குழாயை மாட்டும்போது
போன் மினுங்கியது.
பிச்சாண்டியின் குரல் செய்தி,
ஒன்பது நொடி.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வால்வைத் திறந்தேன்.
தொட்டி நிறைய
நாற்பது நிமிஷமாவது ஆகும்.