நாற்பது நிமிடம்

தார்த்து நகரில் வியாழன் மாலை,
அனுமதி இலவசம்.
ஏழாம் எண் பேருந்து சும்மா நிற்கும்
நாற்பது நிமிடத்துக்கு
ஓட்டுநர் ஹெல்டுர் வந்து கதவோரம் உட்காருவார்,
தொப்பியைக் கழற்றாமல்.

எந்தச் சொற்பொழிவும் அவருக்கு முடிந்ததில்லை.
பனிப்பாறை உருகத் தொடங்கும், எழுந்துவிடுவார்.
திமிங்கிலம் பாடுமுன்
சாவிக்கொத்து சிணுங்கும்.

இன்று லேலோ கவிதை வாசித்தாள்,
வீட்டுக்காரம்மாவின் பல்செட்டைப் பற்றி.
குவளைத் தண்ணீரில் அது சிரிக்கும் வரியில்
அவருக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த சுற்றில்
ஈரக் கோட்டுகளோடு ஏறினோம்.
"அப்புறம், அந்தப் பல்?"
கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டார்.

புதைத்தார்கள் என்றேன்.
இல்லையில்லை, பூனை கொண்டுபோயிற்று,
இது வேதியியல் பேராசிரியர்.
முன்வரிசையில் குறட்டை விட்ட பையன்
சொன்ன முடிவுதான்
எல்லோருக்கும் பிடித்தது.

ஆற்றுப்பாலம் தாண்டியும்
யாரும் மணி அடிக்கவில்லை.
கடைசி இருக்கையிலிருந்து லேலோ
பேனா கேட்டாள்.