பாதை – இறுதி – 4

டான்யூப் நதியை
வளசரவாக்கம் வீட்டுக் குளிர்பெட்டியின் பக்கவாட்டில்
நாலு காந்தத்தால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
கதவைத் திறக்கும்போதெல்லாம்
வியன்னா கொஞ்சம் ஆடுகிறது.

போன ஆனியில் அட்லாண்டிக்கில் தொடங்கிக்
கருங்கடலில் முடிந்த பாதை இது.
நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
அறுபது நாள் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டாள் பவுலின்.
அன்றைக்கு எங்களிடம்
மூன்று நல்ல முட்டிகளும்
ஒரு சந்தேக முட்டியும் இருந்தன.

மேலாளர் காலண்டரைப் புரட்டினார்.
"அறுபதா? கல்யாணமா, கால் உடைஞ்சுதா?"
இருபத்திநாலு தந்தார், அதுவும்
ஆடிட் முடிந்த பிறகு.
அன்றிரவே பிரான்சைக் கழித்தேன்.
ஒரே விசை.
லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
ஆனாலும் தொலைத்தவள் மாதிரி
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏற்றத்தைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் கேட்பது?
கத்திப்பாரா மேம்பாலம்தான் எங்களுக்கு ஆல்ப்ஸ்.
ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்
பரங்கிமலைச் சாலையில் ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
"மேல எதையாச்சும் மறந்து வெச்சிட்டீங்களாம்மா?"
என்றார் டீக்கடைக்காரர்.
ஏழாவது ஏற்றத்தில்
பவுலினின் முட்டி
டக் என்று ஒரு வார்த்தை சொன்னது.
சந்தேகப்பட்ட முட்டி இல்லை, மற்றது.

ஆறு வாரக் கட்டு. பிறகு ஒரு வரி அனுப்பினாள்:
கூடாரத்தை ஓராளுக்கு மாத்திடு.

ஓராள் கூடாரம் எண்ணூறு கிராம் குறைவு.
சமையல் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன்.
அந்த எண்ணூறில் புளிக்காய்ச்சல் முந்நூறு,
பஞ்சர் பெட்டி நூற்றியிருபது.
மிச்சத்தில் என்ன வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

காலையில் ஆற்காடு சாலை மறுபடி மாறியிருந்தது.
நேற்றுத் திறந்திருந்த இடத்தில் இன்று நீலத் தகரம்.
மாற்றுப் பாதையில் செல்லவும் என்ற பலகையில்
அம்பு வானத்தைக் காட்டியது.
சாலிகிராமத்துக்குள் புகுந்து
கல்யாண மண்டபத்துப் பின்வாசல் சாம்பார் வாசனையில் இடது,
மாடு படுத்திருந்ததால் வலது,
எப்படியோ வடபழனிப் பணிமனைக்கு எதிரே வெளியே வந்தேன்.
ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கைரேகைப் பெட்டி ஒப்புக்கொண்டது.
பதினோரு நிமிடம் கூடுதல்.

இரவு, அட்டவணையைத் திறந்தேன்.
நாளொன்றுக்கு எண்பது, எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது.
லின்ஸ் நகரில் மாடு படுத்திருக்குமா?
ஏதாவது படுத்திருக்கும்.
எல்லாவற்றிலும் பன்னிரண்டு குறைத்தேன்.
ஹங்கேரியின் தெற்கு மூலை போயிற்று,
மொஹாச் என்ற ஊர் போயிற்று.
ஊற்றிலிருந்து புடாபெஸ்ட் வரை, அவ்வளவுதான்.

பெரம்பூரிலிருந்து பவுலின்
பென்சில் குறிப்புகளோடு தாளைத் திருப்பி அனுப்பினாள்.
காலை நீட்டிக்கொண்டு எழுதியிருப்பாள், எழுத்து சாய்ந்திருந்தது.
இங்க நில்லு, மத்தியானம் எதிர்க்காத்து.
இந்த ஊர்ல கடை ஞாயிறு பூட்டு, ரொட்டி சனிக்கிழமையே வாங்கு.
பதிமூன்றாம் இரவை வட்டமிட்டு
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நுங்கம்பாக்கத்து விசா மையத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
ஒவ்வொரு ராத்திரியாக விரலை நகர்த்தி வந்து
அங்கே நிறுத்தினாள்.
"இது காலியா இருக்கே?"
"அங்க ஊர் இல்லைங்க. ஆறுதான்."
"ஆறுன்னு போட முடியாது மேடம்."
பின்னால் இருமினார்கள். எண் நாற்பத்தேழு மின்னியது.

ஒரு ஊர்ப் பெயர் எழுதிக் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டல் சரிதானா என்று
அவளும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும்
குளிர்பெட்டிக்கு முன் நின்று
அந்த ஊரை அழித்தேன்.
தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தேன்.
ஒரு காந்தம் விழுந்து
நதியின் கிழக்கு முனை
மடங்கித் தொங்கியது.