தாப்பாவில் செத்தவன்

பெட்டியைப் பிரிக்கும் முன்பே
குளியலறைக்குள் போய்
விரல் நீட்டி இடம் காட்டிவிட்டாள் பாக்கியவதி.
"இங்கதான் மாட்டணும்.
வெளிய வச்சா ராத்திரியே
பழைய இரும்புக்காரன் லாரியில ஏறிடும்.
போன மாசம் தண்ணி மீட்டரே போச்சு."

பீடோர் தாண்டித் தோட்டத்து வீடு.
ஒயர் அந்தக் காலத்தது.
கரண்டு ஹீட்டர் போட்டால் வரிசை முழுக்க இருட்டு.
மருமகள் பெற்று ஒன்பது நாள்.
விறகு ஊதி ஊதி இவள் கண் சிவந்து கிடந்தது.
அதனால் கேஸ்.

நான் சுவரைப் பார்க்கவில்லை,
சன்னலைத் தேடினேன்.
அது இருந்த இடத்தில் பலகை,
மூலைக்கு மூன்றாக ஆணி.
எதிரே செம்பனை ஆலை ஆட்களின் கொங்சி.
"அவனுங்க கண்ணுக்குத்தான்" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன்.
அக்கா, கேஸ் கசிந்தால் நாறும், ஓடிவிடலாம்.
எரிந்த புகைக்கு நாற்றமில்லை.
மூடிய அறையில் அது மூச்சைத் தின்னும்.
தூக்கம் வருவது போலிருக்கும்,
தூக்கமில்லை.

கேட்டுக்கொண்டே
நெத்திலித் தலை கிள்ளினாள்.
"ஆ செங் கடைப் பையன் அம்பது வெள்ளி குறைச்சு
உள்ளேயே மாட்டித் தர்றானாம்."

அப்போதுதான் அந்தப் பொய் வந்தது.
தாப்பாவில், என்றேன்.
போன தீபாவளிக்கு முதல் நாள்.
எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவன்.
தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஒரு மணி நேரம்.
கதவை உடைத்தபோது
தலையில் சீயக்காய் அப்படியே இருந்தது.

நெத்திலி நின்றது.
உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது.
"பேரென்ன அவனுக்கு?"
பெயர் வைத்திருக்கவில்லை நான்.
மறந்துபோச்சு என்றேன்.

பிறகு வேலை.
பின்சுவரில், வெளியே,
சன்னலிலிருந்து நாலடி தள்ளி ஹீட்டர்,
போன புகை திரும்பி வரக் கூடாதே.
கேஸ் தோம்பைச் சாக்கடையை விட்டு விலக்கி
நிமிர்த்தி வைத்தேன்.
கசிந்தால் அதுவும் தண்ணீர் மாதிரி
பள்ளம் பார்த்துத்தான் ஓடும்.
பழைய டியூப் இருக்கு என்று கொண்டுவந்தாள்.
வளைத்தேன், வெடிப்பு பல்லைக் காட்டியது.
புது டியூப், இரண்டு முனையிலும் கிளிப்.
மூடிப்போன ஒட்டுக்கடையின் இரும்பு வலையை வெட்டிக்
கூண்டு கட்டினேன்.
காற்று போகும், கை போகாது.
போல்ட்டின் தலையையும் தேய்த்துவிட்டேன்,
திருடனுக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

பலகையைப் பிடுங்க
பன்னிரண்டு ஆணியும் கத்தின.
அங்கே மங்கல் கண்ணாடிப் பட்டைகள்.
வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.
அவள் வெளியே போய்,
கொங்சிப் படியில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

சவர்க்கார நுரையை மூட்டு மூட்டாகத் தடவினேன்.
ரெகுலேட்டர் கழுத்தில் ஒரு குமிழி,
பச்சைப்பிள்ளை வாயில் வருவது போல,
மெல்லப் பெருத்தது.
முடுக்கினேன். மறுபடி தடவினேன்.
நுரை நுரையாகவே கிடந்தது.

குழாயைத் திறங்க.
டக். டக். டக்.
நீலம்.
"மஞ்சளா எரிஞ்சா மூடிட்டு என்னைக் கூப்பிடுங்க."
தலையாட்டினாள்.
இருபது வெள்ளி குறைத்துத்தான் கொடுத்தாள்.

மூன்று மாதம் இருக்கும்.
சந்தையோரக் கடையில் கோப்பி ஓ.
பின்மேசையில் எவரோ சொல்கிறார்:
தாப்பாவுல ஒருத்தன்.
சந்திரகாசனாம் பேரு.
புதுசா கல்யாணம் ஆனவன்,
மாமியார்தான் கதவை உடைச்சாங்களாம்.
கேட்டதுலேருந்து மனசே சரியில்ல,
தங்கச்சி வீட்டு ஹீட்டரைக் கழட்டி வெளிய மாட்டிட்டோம்.

நான் திரும்பவில்லை.
கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.
சந்திரகாசன்.
நல்ல பெயர், எனக்குத் தோன்றவே இல்லை.

அவனுக்காக ஒரு விநாடி வருந்திவிட்டு
சில்லறையை வைத்து எழுந்தேன்.
மழை இறங்கப் போகிறது,
மோட்டார் கூடையில் ட்ரில் மிஷின் திறந்தே கிடக்கிறது.