உட்புறம் வெளியாக

ஐந்தே முக்காலுக்கு வரச்சொன்னவர் சவிரியான்.
பரந்தன் சந்தி, இறைச்சிக்கடைக் கொழுக்கியில்
கிடாய் இன்னும் ஆவி விடுகிறது.
"ஈரல் முழுசாய் வேணும் அண்ணை, கீறல் இல்லாமல்."
"கறிக்கோ, கம்பசுக்கோ?"
கம்பசுக்கென்றால் இருநூறு கூட.

மீன்வாடி ஐஸ், ரெஜிபோம் பெட்டி,
பின் சீற்றில் ரியூப் றப்பரால் இறுக்கிய கட்டு.
ஏ-ஒன்பதில் அறிவியல்நகர் மட்டும் பதினேழு நிமிடம்.
செத்தது ஆட்டுக்குத் தெரியும்.
அதன் கலங்களுக்கு இன்னும் தெரியாது.
தெரியமுதல் போய்ச் சேரவேண்டும்.

உப்புநீர் ஓடவிட ஓடவிட
ஈரல் சிவப்பிறங்கிப் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வருகிறது.
பொடிப்பொடியாய் வெட்டிக்
குளிர்ந்த சுக்குரோசில் இட்டுக்
கண்ணாடிக் குழாய்க்குள் உலக்கையை இறக்குகிறேன்.
மேலே. கீழே. பன்னிரண்டு தரம்.
பதின்மூன்றாவது வேண்டாம்:
கருக்களும் உடைந்து சளியாய் இழுபடும்.
போன கிழமை இழுபட்டது.

துணியில் வடித்து,
எதிரெதிர்க் குழாய்களைத் தராசில் சமன்செய்து
(ஒரு துளி கூட்டி, அரைத்துளி எடுத்து)
மூடியை அழுத்த
மையநீக்கி மூச்சுப்பிடித்து எழும்புகிறது.
முதற்சுற்று முடியக் கரண்ட் போகிறது.
காவலாளி புண்ணியசீலன் டீசல் தேடிப் போகிறார்.
குழாய்களை ஐசுக்குள் புதைத்து
மேலே உள்ளங்கை வைத்து நிற்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
தண்ணீர்த்தாங்கியில் ஏறி நின்று
ஒரு மயில் கத்திக்கொண்டேயிருக்கிறது.

பின்னேரம் மூன்றரைக்கு,
அடர்ந்த வெல்லத்துக்கும் ஐதான வெல்லத்துக்கும் இடையில்
ஒரு வெண்பட்டை.
ஆறின கஞ்சியில் படியும் ஆடை அளவு.
ஒரு முழு ஈரலுக்கு இவ்வளவுதான் எல்லை.

கலம் என்றால் எங்களுக்குப் பானையும்தான், தோணியும்தான்.
உடைந்த பானை ஓடாய்க் கிடக்கும்.
உடைந்த தோணி பலகை பலகையாய் ஒதுங்கும்.
மென்சவ்வு அப்படிக் கிடக்காது.
கிழிந்த கையோடு ஓரம் ஓரத்தைத் தேடும்,
சின்னச் சின்னக் குமிழாய் மூடிக்கொள்ளும்.
ஆரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவசரத்தில் சில புறம் மாறி மூடும்.
உள்ளே இருந்த முகம் இப்போது வெளியே,
என் கரைசலைப் பார்த்தபடி.
அயலாரை அடையாளம் காண நீட்டியிருந்த
வெல்ல மயிர்கள் உள் இருட்டில்,
தடவ ஒருவரும் இல்லாமல்.
குமிழுக்குள் அகப்பட்டதும் ஈரலில்லை,
காலையில் நான் கரைத்த சுக்குரோசு.
அதைத்தான் தன்னுடையதென்று
கசியவிடாமல் காக்கிறது.

நொதி பார்த்தேன்: நூற்றுக்கு முப்பத்தெட்டு
புறம் மாறியவை.
கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு
கொஞ்சநேரம் பேனையை மூடவில்லை.

வெட்டாத மிச்ச ஈரலைப் புண்ணியசீலன் கேட்கிறார்.
தரமுடியாது அண்ணை, உப்புநீர் ஏற்றினது என்கிறேன்.
"உப்புத்தானே பிள்ளை" என்கிறார்.