உள்ளே ஒரு தவளை

பாலத்தின் மூன்றாவது வளைவுக்குக் கீழே
கல் பெயர்ந்த பொந்தில்
நான்தான் வைத்தேன் அதை.
ராணுவத்தார் கழித்துப்போட்ட தோட்டாப்பெட்டி.
அதுதான் தப்பு.
பிஸ்கட் டின் போதும் என்றார்கள்.
ஆனால் பான் ஆற்றங்கரை மழை
மூடி இடுக்கைத் தேடிப் புகும் மழை.

செயற்கைக்கோளைக் கேட்டுக் கேட்டு
யார் யாரோ வருவார்கள்,
குனிவார்கள், துழாவுவார்கள், திறப்பார்கள்,
பெயரெழுதிவிட்டு
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.
விளையாட்டு அவ்வளவுதான்.
ஆறு வருடமாக அவ்வளவுதான்.

இப்போது நாடாவுக்கு இந்தப்பக்கம் நிற்கிறேன்.
அந்தப்பக்கம்
என் மூக்குக்கண்ணாடிக் கடை, தபால் நிலையம்,
டெர்வ்லாவின் தேநீர்க்கடை,
வெளிமேசையில் பாதி கடித்த கேக்.
அதைக் கொத்துகிறது ஒரு கடற்காகம்.
அதை மட்டும் யாரும் வெளியேறச் சொல்லவில்லை.

காலையில் நாயோடு போனவர் பார்த்தாராம்.
பார்த்ததும் போலீசுக்குச் சொன்னாராம்.
அவரைக் குறை சொல்ல முடியாது.
இந்த ஊரில்
பாலத்தடியில் ஒரு பெட்டியைப் பார்த்தவன்
புதையல் என்றா நினைப்பான்?

வெளியேறும்போது ஒன்று கவனித்தேன்.
ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும்
கதவைப் பூட்டிவிட்டு
ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்கள்.
கண்ணாடி உடையாமல் இருக்க.
யாரும் சொல்லவில்லை, கைகளே செய்தன.
தேநீர்க்கடைப் பெண் கேட்டாள்:
மழை வருதே, எதுக்கு?
டெர்வ்லா பதில் சொல்லாமல்
அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.
நானும் திறந்துவிட்டுத்தான் வந்தேன்,
உள்ளே என்ன இருக்கிறதென்று
இந்தக் கூட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள்.

சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவை.
முதல் தடவை சைரன் முந்திக்கொண்டது.
இரண்டாம் தடவை பக்கத்தில் நின்ற
ஹியூ மக்கல்வேன்,
வச்சவன் கையை ஒடிக்கணும் என்றார்.
மூன்றாம் தடவை
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
கடைசியாகத் திறந்து பார்த்தது செப்டம்பரில்.
அதற்குப் பிறகு
எவன் எதை வைத்தானோ
நான் என்ன கண்டேன்?

பெல்ஃபாஸ்டிலிருந்து வரவேண்டியிருந்தது ரோபோ.
வந்ததும் அவசரப்படவில்லை,
முட்டிவலிக்காரர் படியிறங்குவதுபோல்
சரிவில் இறங்கியது.
தண்ணீரைத் தோட்டாவாக்கிச் சுடுமாம்.
டமார் என்றெல்லாம் கேட்கவில்லை,
கோபத்தில் யாரோ அலமாரியைச் சாத்தியதுபோல் ஒன்று.
பறவைகள் எழுந்தன.
பிறகு காகிதங்கள்.

கிராக்கோவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி
நீரில் விழுந்தார்கள்.
தனியாய்ச் சைக்கிளில் வந்த டச்சுக்காரர்
நாணலில் மாட்டிக்கொண்டார்.
"அப்பா இல்லை, நான்தான் கண்டுபிடிச்சேன்"
என்று எழுதியிருந்த ஏழு வயது
பாலத்துக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது.
அதை ஒரு சிப்பாய் பிரித்துப் படித்தான்,
ரொம்ப நேரம்.

அப்புறம்தான் போய்ச் சொன்னேன்.
கான்ஸ்டபிள் கிரானியா டெவனி நோட்டை எடுத்தாள்.
பெயர்? மெர்வின் கில்லெஸ்பி.
பெட்டிக்குள் இருந்தவை?
பென்சில், பாதி.
போலந்துக் காசு ஒன்று.
கோட்டுப் பொத்தான்.
பிளாஸ்டிக் தவளை.
தவளை என்ன நிறம்?
அவள் சிரிக்கவில்லை.
மஞ்சள் என்றேன்.
மஞ்சள் என்று எழுதினாள்.
இடத்தை எங்கேயாவது அறிவித்திருந்தீர்களா?
இணையத்தில், தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை.
ஆக உலகத்துக்கே தெரியும், என்றாள்
மூடியைப் பேனாவில் மாட்டியபடி,
தெருக்கோடியில் இருக்கும் எங்களைத் தவிர.

நாடாவைச் சுருட்டினார்கள்.
தெரு நெடுக ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம்,
ஒன்றன்பின் ஒன்றாக.
ஹியூ என் பக்கம் திரும்பவில்லை.
டெர்வ்லா மட்டும்,
அடுத்த தடவை பிஸ்கட் டின்னு கேட்டா
நான் தரேன் என்றாள்.

கடைக்குள் மழை புகுந்திருந்தது.
சுவரில் கண் பார்க்கும் அட்டை
கடைசி இரண்டு வரி ஊறிப்போய்,
பெரிய எழுத்துகள் மட்டும் நின்றன.
நாளைக்குப் புதிது வாங்க வேண்டும்.