ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

ஏழு மணிக்கு என்று சொன்னால்
ஏழே முக்காலுக்கு வருகிறார்கள்.
'இதென்ன பெரட்டா, லேட்டா வந்தா
அரை நாள் வெட்டுவீங்களா?' என்கிறார் வீரசெல்வம்.
தோளில் புல் வெட்டும் மிஷின்,
கையில் நேற்றைய பெட்ரோல் ரசீது.
நான் பொருளாளர்.
ஐந்து வெள்ளி அறுபது காசு என்று எழுதுகிறேன்.
புல்லுக்குக் கணக்குத் தெரியாது.
மழை விட்ட மூன்றாம் நாளே
முழங்காலுக்கு வந்து நிற்கிறது.

தாமான் செம்பாக்காவின் பூங்கா
பள்ளிக்கூடப் பாடாங்கில் பாதிகூட இருக்காது.
மூன்று பக்கம் வீடு.
நாலாவது பக்கம் செம்பனை,
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தபடி.
இரண்டு ஊஞ்சல், ஒன்றுக்குத்தான் இருக்கை.
ஒரு சறுக்குமரம்,
அதன் அடியில் தேங்கிய நீரில்
குடித்தனம் நடத்திய கொசு.
குமுதவல்லியின் பையன் டெங்கியில்
ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான்
இந்தச் செயற்குழு பிறந்தது.
நல்லெண்ணத்தில் பிறந்தது என்று
ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறோம்.
பயத்தில் பிறந்தது.

மண் கொட்டிப் பள்ளத்தை மூடினோம்.
சுங்காயிலிருந்து வந்த லோரிக்கார ஆ செங்
பாதிப் பணம்தான் வாங்கினார்.
மீதிக்கு, மகளின் பிறந்தநாளை
இங்கே கொண்டாட இடம் கேட்டார்.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
இருட்டிய பிறகும் பூங்காவில் ஆள் இருந்தது.
காக் ரொஸ்னா ஒரு சட்டி மீஹூன் கொண்டுவந்தார்.
பிள்ளைகள் ஒரே ஊஞ்சலுக்கு வரிசை நின்று
மூன்று மொழியில் சண்டை போட்டார்கள்.
'என் முறை' என்பதை மட்டும்
எல்லாரும் மலாயில் சொன்னார்கள்.

அப்புறம் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது.
ரத்த அழுத்தம் பார்க்கும் நாள் வைத்தோம்,
பாதி வரிசையில் பாட்டரி தீர்ந்தது.
பொங்கல் வைத்தோம்,
வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது.
பானைக்குக் குடை பிடித்ததில்
பால் பொங்கியது, குடையும் கொஞ்சம் வெந்தது.
போட்டிக்குப் போட்ட பதினோரு கோலமும்
மூன்றே நிமிடத்தில் கரைந்து
ஒரே கால்வாயில் ஓடின.
நடுவர் நூர்லைலா டீச்சர்
நனைந்த முக்காட்டைப் பிழிந்துகொண்டே
கால்வாய்க்கு முதல் பரிசு என்றார்.
அந்தக் கோப்பை இன்னும் என் வீட்டில் இருக்கிறது,
வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.

சறுக்குமரத்துக்குக்
கோயில் திருப்பணியில் மிஞ்சிய சாயம்,
மயில் கழுத்து நீலம்.
கடைசி இரண்டு படிக்குப் பற்றாமல்
யார் வீட்டு கேட்டுக்கோ வாங்கிய பழுப்பு.

போன மாதம் மன்றத்து ஆள்கள் இருவர் வந்தார்கள்.
படம் எடுத்தார்கள்.
ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்கள்.
மறுவாரம் ஒரு பலகை நட்டார்கள்:
இப்பூங்கா மாவட்ட மன்றத்தின்
பராமரிப்பில் உள்ளது.

வீரசெல்வம் பாராங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.
'வெட்டிச் சாய்க்கிறேன் பாரு.'
குமுதவல்லி குனிந்து அடியைத் தட்டிப் பார்த்தாள்.
'நல்லா சிமெண்டு போட்டிருக்காங்கண்ணே,
நமக்கு எவன் இப்படிப் போட்டுத் தந்தான்?'
கை தூக்கச் சொன்னோம். ஏழுக்கு நாலு.
பலகை இருக்கட்டும்.
இரண்டாவது ஊஞ்சலுக்கு மனு எழுதும்போது
அந்த வரியையே அவர்களுக்கு எடுத்துக் காட்டலாம்.

இன்று எட்டுப் பேர்.
குமுதவல்லியின் பையன் வந்ததும் வராததுமாய்ச்
சறுக்குமரத்தின் அடியில் தவழ்ந்து போய்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
'தண்ணி இல்ல!' என்று கத்தினான்.
ஒவ்வொரு ஞாயிறும் கத்துகிறான்.
அந்த வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: தண்ணீர், இல்லை.
பிறகு பழந்துணியை நனைத்துப்
பலகையைத் துடைத்தேன்.
மைனாக்கள் அதன் மேலும்தான்
எச்சமிடுகின்றன.