காய் இல்லை

ஆண்டுக்கு இரண்டு தடவை,
மழைக்கு முன்பும் பின்பும்,
கர்லூ குடாவின் தென்னைகளில்
ஒரு குரும்பைகூட மிஞ்சாமல் அறுத்துத் தள்ளுவது
என் உத்தியோகம்.
ஏறுவதில்லை. இயந்திரக் கை தூக்கிவிடும்
மஞ்சள் கூடையில் நின்றபடி
நீளக் கழியில் ரம்பம்.
கீழே நோலீன் கயிறு கட்டி
வெயில் காய வந்தவர்களை விலக்கி நிறுத்துவாள்.

தேங்காய்க்கு மூன்று கண் உண்டு,
பார்த்துத்தான் விழும் என்றேன்.
அந்தக் கண்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றாள்.

குகதாசன் என்ற பெயரின் பின்பாதியை
கவுன்சில் அட்டையே அறுத்துவிட்டது.
குக் என்கிறார்கள்.
வடக்கே அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது,
உன் சொத்தா என்று கேட்டுச் சிரித்தான்
டீசல் போட வந்தவன்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.
இறால் படகுகளுக்கு ஐஸ் உடைத்த கொட்டகை
இப்போது ஐஸ் காபி விற்கிறது.
வலை காய்ந்த கம்பிகளில் குட்டிக் குட்டி விளக்குகள்.
பள்ளிக்கூட மணி
விடுதி வரவேற்பறையில் தொங்குகிறது,
அறை கிடைத்தவர்கள் ஒருமுறை அடித்துப் பார்க்கிறார்கள்.
முதலை இருக்கிறது என்ற பலகையோடு
படம் எடுக்க வரிசை.
ஜெல்லிமீன் கொட்டினால் ஊற்றுவதற்கு
கம்பத்தில் மாட்டிய வினிகர் பாட்டிலை மட்டும்
இன்னும் யாரும் அழகுபடுத்தவில்லை.

கடலைப் பார்த்த நாற்பத்தொரு வீடுகளில்
பெப்ரவரி இரவில் விளக்கு எரிவது
மூன்றில்.

நோலீன் பிறந்தது அந்த நீல வீட்டில்.
அங்கே ஓர் இரவு தங்க
அவளுடைய மூன்று நாள் கூலி ஆகும்.
சாண்ட்விச் சுற்றிய தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள்,
பிறகு அந்தத் தாளிலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.
கரும்புக் காட்டுக்கு அப்பால் ஐம்பது கிலோமீட்டரில்
அவளும் நானும் ஒரே தெருவில் வாடகைக்கு.

போன அக்டோபரில்
தேனிலவுக்கு வந்த பெண் ஒருத்தி
புகார் எழுதிவிட்டுப் போனாளாம்:
படத்தில் மரங்களில் காய் இருந்தது,
நேரில் ஒன்றுகூட இல்லை.

விடுதி மேலாளர் அட்டைப்பெட்டியோடு வந்தார்.
ஃபைபர் தேங்காய்கள்.
குலைக்கு ஆறு, பச்சையும் செவ்விளநீர் நிறமும்,
நிறம் மங்காதென்று ஐந்தாண்டு உத்தரவாதம்.
காலையில் மெய்யை அறுத்தேன்,
மாலையில் அதே காம்பில்
பொய்யைக் கம்பியால் கட்டினேன்.
மிகை நேரக் கூலி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

தென்னை இந்தக் கரைக்கே வந்தேறிதான்,
வெட்டித் தள்ள வேண்டிய களை என்றும் சிலர் சொல்கிறார்கள்.
சிற்றேட்டின் அட்டையில்
வேறு எந்த மரமும் இல்லை.

படகுத் துறைக்குப் பின்னால்,
சேற்றுச் செடிகளை ஒட்டி ஒன்று.
மரம் எண் 211.
நிழலுக்குக்கூட யாரும் போகாத இடம்.
படிவத்தில் அதற்கு நேரே
நான் எழுதுவது: காய் இல்லை.
நோலீன் பார்க்காதவள்போல் கையெழுத்துப் போடுவாள்.

மார்ச்சில் புயல்.
பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டாம் எண்தான்.
தென்னைகள் குனிந்து நிமிர்ந்தன.
ஃபைபர் காய் ஒன்று கம்பியோடு பறந்து
வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்து உள்ளே போய்
மணியை அடித்ததாம்.
கேட்க ஆள் இல்லை, கேமராவில் பதிவாகியிருந்தது.

இன்சூரன்ஸ் படிவம் வந்தது.
எந்த மரத்தின் காய்?
கடைசியாகக் காய் நீக்கிய நாள்?
நான் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு உண்மையைத்தான் எழுதினேன்:
காய் இல்லை.

அன்று சாயங்காலம்
211க்கு அடியில் சேற்றில் கிடந்த நெற்று ஒன்றை,
முளை விட்டு இரண்டு ஓலை விரித்திருந்ததை,
நோலீன் தூக்கிவந்து முன்சீட்டில் வைத்தாள்.
நான் பின்னால், ரம்பத்தோடு.
கார் விடாமல் கூவியது.
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்கு நினைப்பு.
பெல்ட்டை இழுத்து நெற்றுக்கு மாட்டினாள். ஓய்ந்தது.

எங்கள் பேச்சில் இதைப் பிள்ளை என்போம் என்றேன்.
வாடகை ஒப்பந்தத்தில்
பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை,
மண்ணில் எதையும் நடக்கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

இப்போதைக்கு வாளியில் இருக்கிறது.